எட்டு பத்து

பிப்ரவரி பதினொன்று, செவ்வாய்க்கிழமை,
காலை எட்டு பத்து.
எட்டு மணி இல்லை, எட்டேகால் இல்லை, எட்டு பத்து.
பாரோ நகர ஓட்டுநர் தேர்வு மையத்தில்
ஐந்து மாதம் காத்திருந்து வாங்கிய நாற்பது நிமிடம்
என் பெயரில் இருந்தது.

ரொவீனா கெல்லட்டுக்கு ஜூன் பதினேழு.
வீடு வீடாகப் போய்
படுத்தபடுக்கையாய்க் கிடப்பவர்களைக் குளிப்பாட்டி,
மாத்திரை கொடுத்து, அடுத்த வீட்டுக்குப் பேருந்து பிடிக்கிற வேலை.
மார்ச்சுக்குள் உரிமம் வரவில்லையென்றால்
வால்னி தீவு வீடுகளை வேறொருத்திக்குக் கொடுத்துவிடுவார்களாம்.
சலவைக்கடையில் என் தேதியைச் சொல்லி
நான் புலம்பிக்கொண்டிருந்ததைக் கேட்டவள்,
சுற்றுகிற துணிகளைப் பார்த்தபடியே கேட்டாள்:
"மாற்றிக்கொள்ளலாமா?"

சரி என்றேன்.
யோசிக்கக்கூட இல்லை அந்த மனுஷன் என்று
பின்னால் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறாள்.

யோசித்திருந்தேன்.
முந்தைய வாரம்தான் ரவுண்டானாவில்
மூன்றாவது வழி எது என்று எண்ணி எண்ணி
இரண்டு முழுச் சுற்று வந்தேன்.
பயிற்சியாளர் கிளிஃப் தன் பக்கத்து பிரேக்கை மிதித்துவிட்டு
ஒன்றும் சொல்லாமல் கடல் இருக்கும் திசையைப் பார்த்தார்.
ரிவர்ஸ் எடுக்கச் சொன்னால்
நடைபாதையில்தான் ஏறும் என் இடது பின்சக்கரம்.
நடுராத்திரியில் விழித்துக்கொண்டு
போர்வைக்குள் கிளட்ச் மிதித்தேன்.
தானம் கொடுத்த மாட்டைப்
பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது,
வாங்கியவளுக்குச் சொன்னது அது.
கொடுத்தவனுக்குத் தெரியும் எத்தனை பல் ஆடுகிறதென்று.

உரிம எண்ணை எழுத்தெழுத்தாகத்
தொலைபேசியில் ஒப்பித்தோம், முதலில் அவள், பிறகு நான்.
"டெஸ்மண்ட் ரிக், இதில் உங்களுக்குச் சம்மதமா?"
என் கல்யாணத்தில்கூட
அவ்வளவு தெளிவாக நான் சம்மதம் சொன்னதில்லை.

மறுநாள் வாசலில் ஒரு டப்பா நிறைய இஞ்சி கேக்.
மூடியில் ஒட்டிய சீட்டில்: நல்ல மனசு உங்களுக்கு.
மூன்று நாள் வைத்துத் தின்றேன்.
ருசியாகத்தான் இருந்தது.

பதினொன்றாம் தேதி விடியலில்
சாலை முழுக்கக் கண்ணாடி.
பனி உறைந்த தெருவில் தேர்வு வைக்க மாட்டார்கள்.
அவள் ஏழு மணிக்கே போய்
பூட்டிய கதவுக்கு முன்னால் நின்றிருக்கிறாள்.
மத்தியானம் குறுஞ்செய்தியில் வந்தது புதுத் தேதி:
ஆகஸ்ட் இருபது.
அது என் பனி.
என் எட்டு பத்தின் மேல் இறங்கியிருக்க வேண்டியது.

அவள் கூப்பிட்டுக் குறைசொல்லவில்லை.
டப்பாவைக்கூடத் திருப்பிக் கேட்கவில்லை.

ஏப்ரலில் ஒருநாள், எப்படியென்று தெரியாது,
ரவுண்டானா தானாக அவிழ்ந்தது.
கால் கேட்காமலே கிளட்ச் கடித்தது.
கிளிஃப் முதல்முறையாக
என் பக்கத்தில் உட்கார்ந்து சாண்ட்விச்சைப் பிரித்தார்.

மே கடைசியில், மழையில்,
அபே சாலைப் பேருந்து நிறுத்தத்தில் அவள்.
நீலச் சீருடை, தோளில் பை,
வால்னி வீடுகள் கைமாறிப்போன முகம்.
சிவப்பு எல் எழுத்தைப் பார்த்துக் கையசைத்தாள்.
இரண்டு கையும் ஸ்டீரிங்கில் இருக்க வேண்டும் என்ற விதி
அந்த நேரத்துக்கு உதவியது.

ஜூன் பதினேழு, பத்து பதினான்கு.
இப்போது பயம் இல்லை. அதுதான் தொந்தரவு.
பயத்தில் வாரிக் கொடுத்தவன்
பயம் போனதும் விரலை மடக்கிக்கொள்கிறேன்.

இன்று சமையலறையில் நின்றபடி
அந்த எண்ணை அழைத்தேன்.
அவளிடம் இன்னும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.
வரிசையில் நீங்கள் பதினெட்டாவது என்றது குரல்.
பிறகு ஏதோ பியானோ.
ஜன்னலோரம் கழுவிக் கவிழ்த்த டப்பா.
பதினேழு என்றது.
வைத்துவிட்டால்
மறுபடி பதினெட்டிலிருந்து.